இடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு எட்டரை மணி அளவில் சென்னை ஒரு முறை குலுங்கியது. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் அது. ரிக்டர் அளவில் சுமார் 5.5. கடைகளில் நாள் கணக்கு முடிக்கும் வேளை. அதன் பிறகு 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா பக்கம் கடலில் உண்டான பெரும் நிலநடுக்கத்தின் அதிர்வு பட்டப்பகலில் இங்கே உணரப்பட்டது. 2021 ஆகஸ்ட் 24-இல் வங்கக் கடலில் 5.1 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தையும் அடையாறு, ஆழ்வார்பேட்டைப் பகுதிகளில் பலர் உணர்ந்தனர். ஒவ்வொரு முறையும் தெருவுக்கு ஓடி வருகிறோம், பக்கத்துக் கடைக்காரரோடு பத்து நிமிடம் பேசுகிறோம், பிறகு கல்லாவுக்குத் திரும்புகிறோம். அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

சென்னையைப் பற்றி வீண் பீதி கிளப்புவது நமது நோக்கமல்ல. குஜராத், இமயமலை அடிவாரம் போன்ற ஆபத்து இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2002-இல் நாட்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் திருத்தப்பட்டபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது மிதமான நிலநடுக்கத்தை எதிர்பார்த்துக் கட்டடம் கட்ட வேண்டிய ஊர் இது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நம்மில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பது 2002-க்கு முன்பு எழும்பிய கட்டடங்களில்தான். அவற்றில் பல, பொறியாளர் கணக்கே இல்லாமல் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பி எழுந்தவை.

தூரத்தில் வந்த நடுக்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் ஆமதாபாத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஜனவரி 26-இல் பூஜ் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது மையப் பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது அந்த நகரம். அங்கேயும் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஒரே குறை: மேல் மாடிகளில் சுவர் நிறைய, தரைத்தளத்தில் சுவரே இல்லை. வண்டி நிறுத்தவோ கடை வைக்கவோ கீழே வெறும் தூண்களை மட்டும் விட்டிருந்தார்கள். நிலம் ஆடும்போது சுவர்கள் நிறைந்த மேல்பகுதி ஒரே பெட்டியாக நகர்கிறது. ஆட்டம் முழுவதையும் கீழே உள்ள மெலிந்த தூண்கள் வாங்கிக் கொள்கின்றன. நாலு குச்சியின் மேல் வைத்த அரிசி மூட்டைதான்.

இனி நம் கடைகளைப் பாருங்கள். வீடாகக் கட்டியது, பிறகு முன்னறையின் சுவரை எடுத்து ஷட்டர் போட்டார்கள். அடுத்த குடித்தனக்காரர் இடைச்சுவரையும் எடுத்து கடையை ஆழமாக்கினார். அதற்கடுத்தவர் ஷட்டர் சட்டம் பொருத்தத் தூணைக் கொஞ்சம் கொத்தினார். மேலே மட்டும் இரண்டு மாடி கூடுதலாக ஏறியிருக்கிறது. தெற்கு மாடவீதி, கச்சேரி சாலை, ரங்கநாதன் தெரு, அடையாறு எல்.பி. சாலை என்று எங்கே போனாலும் இந்த வகைக் கட்டடம் கண்ணில் படும். கடற்காற்று படும் பெசன்ட் நகர், அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளில் இன்னொரு நோயும் சேர்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது, தூணின் மூலையில் நெட்டுக்கு விரிசல் விடுகிறது, பூச்சு பாளமாக விழுகிறது.

இதில் நமது பங்கும் ஒன்று உண்டு. முதல் மாடியைக் கிடங்காக்குவது. குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுவது வழக்கம். பத்துக்குப் பத்தடி அறைக்கு இது சுமார் 1,860 கிலோ, அதாவது 25 கிலோ அரிசி மூட்டை எழுபத்தைந்துக்குள். கிடங்குக்கு என்றே கட்டும் தளத்துக்கு சதுர மீட்டருக்குக் குறைந்தது 750 கிலோ என்று கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தர விதி. பண்டிகைக்கு முன் நம்மவர்கள் மாடியில் எத்தனை மூட்டை அடுக்குகிறார்கள் என்பதை அவரவர் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளட்டும். நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மீது விழும் விசை அதன் எடைக்கு ஏற்பக் கூடும். ஆகவே மாடிச் சரக்கைக் கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். அதற்குப் பைசா செலவில்லை.

இவ்வளவு தெரிந்தும் விரிசல் கண்ட கடைக்காரர் ஏன் வாய் திறப்பதில்லை? அந்த விரிசலை மறைத்து எண்ணெய் டின்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் நம் பகுதியில் இல்லாமலில்லை. அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மைக் காரணம் பயம். “கட்டடம் பழுது” என்று நாமே எழுதிக் கொடுத்தால், “அப்படியானால் காலி செய்யுங்கள், இடித்துக் கட்டப் போகிறேன்” என்று உரிமையாளர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். முப்பது ஆண்டு பழகிய வாடிக்கை ஒரு தெரு தள்ளிப் போனாலும் கூடவே வந்துவிடாது. இடித்துக் கட்டிய புதுக் கட்டடத்தில் பழைய வாடகைக்கு இடம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. உரிமையாளருக்கும் இடிப்பது எப்போதும் இலாபமல்ல. இன்றைய கட்டட விதிகளின்படி சுற்றிலும் இடம் விட்டு, வண்டி நிறுத்தமும் காட்டி எழுப்பினால், சிறிய மனைகளில் கடைக்குக் கிடைக்கும் முகப்பு சுருங்கிப் போகும். அதனால் இரு தரப்பும் வாயை மூடிக்கொண்டு ஆண்டுகளைத் தள்ளுகிறார்கள்.

இடிப்பதற்கும் மறைப்பதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. தூண்களைப் பலப்படுத்துவது. பழைய தூணின் பூச்சை நீக்கி, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, சுற்றிலும் புதுக் கம்பிகளும் நெருக்கமான ரிங்குகளும் கட்டி, அதன் மேல் புதுக் கான்கிரீட்டால் உறை போடுகிறார்கள். பொறியாளர்கள் இதை ஜாக்கெட்டிங் என்பார்கள். பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு எதிராகப் பலப்படுத்துவதற்கென்றே இந்தியத் தர நிறுவனம் 2013-இல் ஐ.எஸ். 15988 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. உறையின் கனம் குறைந்தது 100 மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம் இருக்க வேண்டும், புதுக் கான்கிரீட் பழையதைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பவை அதில் உள்ள விதிகள். ஒன்பது அங்குலத் தூண் பதினேழு அங்குலமாகும். பத்தடி அகலக் கடையில் இரு பக்கமும் சேர்த்து எட்டு அங்குலம் போகும். ஒரு ரேக்கின் அகலம். அவ்வளவுதான் நாம் கொடுக்கும் விலை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த நாலு அங்குல இடுக்கில்தான். அதற்குள் கம்பி இருக்கிறது, ரிங் இருக்கிறது, மேலே உத்திரம் முட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண கான்கிரீட்டைக் கொட்டினால் வைப்ரேட்டர் ஊசியை உள்ளே விட வழியில்லை. கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். சென்ட்ரிங்கைச் சுத்தியலால் தட்டுவார்கள். பலகையைப் பிரித்தால் உள்ளே தேனடை மாதிரி ஓட்டை. உடனே அதன் மேல் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிடுவார்கள். கடைக்காரருக்குப் புதுத் தூண் தெரியும். பலம் மட்டும் சேர்ந்திருக்காது.

இங்கேதான் செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட் கைகொடுக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. டப்பாவில் துவரம் பருப்பைக் கொட்டினால் தட்டி உலுக்கினால்தான் முழுதும் நிரம்பும். நல்லெண்ணெயை ஊற்றினால் தட்ட வேண்டியதில்லை. மூலை முடுக்கெல்லாம் அதுவே போய் நிற்கும். அப்படித் தன் எடையாலேயே ஓடி, கம்பிகளுக்கு நடுவே புகுந்து, வைப்ரேட்டர் இல்லாமலே நிறைந்து நிற்கும் கான்கிரீட் இது. தண்ணீரைக் கூட்டி இளக்கியதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கூடினால் பலம் போய்விடும். சிறு ஜல்லி, சிமெண்டோடு அனல்மின் நிலையச் சாம்பல் போன்ற நுண்பொடி, மிகக் குறைந்த அளவில் சேர்க்கும் திரவ ரசாயனம் ஆகியவற்றால் அந்த ஓட்டம் வருகிறது. ஓட வேண்டும், ஆனால் சாம்பாரில் பருப்பு அடியில் தங்குவதுபோல் ஜல்லி பிரிந்து அடியில் போய்விடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கலவையில் கொண்டுவருவதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது.

இதை உண்டாக்கியவர்கள் ஜப்பானியர். 1980-களில் அங்கே கட்டடங்கள் விரைவில் கெட்டுப்போவது பெரிய தலைவலியாக இருந்தது. கான்கிரீட்டைச் சரியாக இறுக்கத் தெரிந்த தொழிலாளர்கள் குறைந்து வந்ததே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கைத்திறனை நம்ப வேண்டாத கான்கிரீட்டை உண்டாக்கினால் என்ன என்று தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒக்காமுரா 1986-இல் யோசனை சொன்னார். 1988-இல் முதல் கலவை தயாராகிவிட்டது. 1998-இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தின் பிரமாண்டமான நங்கூரக் கட்டுமானங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரிலும் இன்று நல்ல கொத்தனார் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும். ஆகவே இந்தச் சரக்கு நமக்குப் பொருந்தும். கான்கிரீட் கலவை வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி 2019-இல் திருத்தப்பட்டபோது இந்த வகைக்கும் அதில் இடம் தரப்பட்டது. ஏதோ வெளிநாட்டு மோகம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

சத்தம் குறைவு என்பதும் நமக்கு ஓர் அனுகூலம். பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள நம் தெருக்களில் கான்கிரீட் இரவில்தான் வர முடியும். வைப்ரேட்டர் இரைச்சல் இல்லையென்றால் மாடியில் குடியிருப்பவரோடு சண்டையும் இல்லை.

சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் நாம். இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சோதனை எளிது: 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்பைத் தகட்டின் மேல் வைத்துக் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்குவார்கள். தட்டாமல் குத்தாமல் அது தோசை போல் வட்டமாகப் பரவ வேண்டும். இத்தகைய வேலைக்கு 65 முதல் 75 சென்டிமீட்டர் அகலம் வருவது நலம். ஓரத்தில் தண்ணீர் வளையம் பிரிந்து நின்றாலோ, நடுவில் ஜல்லி குவிந்து கிடந்தாலோ அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பூச்சி விழுந்த பருப்பு மூட்டையைத் திருப்பும்போது நாம் தயங்குகிறோமா?

சென்ட்ரிங்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எண்ணெய் போல் ஓடும் கான்கிரீட் எண்ணெய் போலவே ஒழுகவும் செய்யும். பலகையை அழுத்தவும் செய்யும். பத்தடி உயரத்துக்கு ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பலகையின் மீது சதுர மீட்டருக்கு ஏழு டன் அளவுக்கு அழுத்தம் விழும். வழக்கமான பலகையும் ஆணியும் தாங்காது. இரும்புச் சட்டமும் போல்ட்டும் வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும். இதைச் சொன்னவுடன் “அதெல்லாம் தேவையில்லை சார்” என்று சிரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பலகையைப் பிரித்த பிறகு குறைந்தது ஏழு நாளாவது ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் காட்ட வேண்டும். நம்மிடம் சாக்குக்குப் பஞ்சமில்லை.

ஒரு தூணுக்கு மட்டும் உறை போட்டு நிம்மதியடைய முடியாது. எந்தத் தூணுக்கு, எத்தனை தூணுக்கு, அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டுமா, புதுக் கம்பியை மேல் மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தூணைச் சுத்தியல் கருவியாலும் ஒலி அலையாலும் சோதித்து, தேவையானால் கான்கிரீட்டில் சிறு உருளை அறுத்தெடுத்து நசுக்கிப் பார்த்து முடிவு செய்வார்கள். இந்தக் கலையில் தேர்ந்தவர்களைத் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் நம் வீட்டுக்குப் பக்கத்தில்.

தூணே இல்லாத கட்டடங்களை மறந்துவிடக் கூடாது. மயிலாப்பூரில் சுண்ணாம்புக் காரைச் சுவரும் தேக்கு உத்திரமும் கட்டைச் செங்கல் தளமுமாக மெட்ராஸ் டெர்ரஸ் போட்ட பழைய வீடுகளில் கடை நடத்துவோர் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்து பொருந்தாது. சுவர்களை ஒன்றோடொன்று இரும்பால் பிணைப்பது, தளத்தைச் சுவரோடு கட்டுவது என்று அதற்கு வேறு முறைகள் உண்டு, ஐ.எஸ். 13935 என்ற விதி அவற்றுக்காக இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் மேலும் கெடும். அப்படிக் கெட்ட சுவர்கள் மாடவீதிகளில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன.

இப்போது செலவுக்கு வருவோம். ஒன்பது அங்குலத் தூணுக்குப் பத்தடி உயரத்தில் நாலு அங்குல உறை போட வேண்டிய கான்கிரீட் 0.4 கன மீட்டர், எடையில் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கான்கிரீட் சாதாரண வகையைவிட விலை கூடுதல்தான்; ஆனால் மொத்தச் செலவில் கொத்துவது, துளையிட்டுக் கம்பி நடுவது, முட்டுக் கொடுப்பது, சென்ட்ரிங், கூலி ஆகியவையே பெரும் பங்கு. அவற்றையெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் கான்கிரீட்டில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

ஒரு கடைக்காரர் நாலு தூணுக்கு ரெடிமிக்ஸ் லாரி கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு லாரியில் ஆறு கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் பதினைந்து தூணுக்குப் போதும். ஒரே வரிசையில் உள்ள நாலு கடை சேர்ந்தால் ஒரு லோடு. சர்க்கரையையும் பருப்பையும் கூட்டாகக் கொள்முதல் செய்யத் தெரிந்த நமக்கு இது புதிதா? பொறியாளர் கட்டணத்தையும் இதேபோல் பங்கிட்டுக்கொள்ளலாம். கலவையின் ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கிவிடும் என்பதால் நாலு கடையிலும் சென்ட்ரிங் முழுதும் தயாரான பிறகே லாரியை அழைக்க வேண்டும். ஒரே ஒரு கடை, ஒன்றிரண்டு தூண் என்றால் தண்ணீர் மட்டும் சேர்த்துக் கலக்கும் மைக்ரோ கான்கிரீட் மூட்டை கடைகளில் கிடைக்கிறது. அதுவும் இதேபோல் ஓடும். அளவுக்கு அளவு பார்த்தால் விலை அதிகம்.

காலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். தியாகராய நகரில் ஆடியிலிருந்து தீபாவளி வரையும், மயிலாப்பூரில் மார்கழியிலும் பங்குனிப் பெருவிழாவின்போதும் யாரும் கடப்பாரையைத் தொடப் போவதில்லை. மளிகைக்கு மாதத்தின் முதல் பத்து நாள் உயிர். அது போகப் பதினைந்தாம் தேதிக்கு மேல், கடையை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் வியாபாரம், ஒரு பாதியில் வேலை என்று நடத்த முடியுமா என்று பொறியாளரைக் கேளுங்கள். எல்லாக் கட்டடத்துக்கும் இது சரிப்படாது. சரிப்படும் கட்டடங்கள் பல.

யார் செலவு செய்வது? உரிமையாளர் “கடை உன்னுடையது” என்பார். வாடகைதாரர் “கட்டடம் உங்களுடையது” என்பார். கட்டடத்தின் எலும்பு உரிமையாளரைச் சேர்ந்தது என்பதே நமது கருத்து. ஆனால் அவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு வாடகையை ஒரு பைசாவும் உயர்த்தக் கூடாது என்று வாதாடுவதும் நியாயமாகாது. வாடகைதாரர் முன்பணமாக ஒரு பகுதியைத் தந்து, மாதந்தோறும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும்தான் ஆதாரம். வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை. வேலைக்காகக் கடையை ஒழித்துக் கொடுக்க நேர்ந்தால், எத்தனை நாளில் திரும்ப வருவோம், எந்த வாடகைக்கு, எத்தனை சதுர அடிக்கு என்பதைச் சாவி கை மாறுவதற்கு முன்பே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கோயில் மனைகளில் உள்ளவர்கள் கோயில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியையும் பெற்றுக்கொள்வது அவசியம்.

ஒரு கட்டடத்தின் பலவீனம் அந்தக் கட்டடத்தோடு நிற்பதில்லை. 2017 மே 31-ஆம் தேதி உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து, கட்டடம் தளர்ந்து ஒரு பகுதி சரிந்து, பிறகு முழுவதும் இடிக்கப்பட்டது. அங்கே காரணம் நெருப்பு. ஆனால் சாலை அடைபட்டு அக்கம்பக்கத்துக் கடைகள் வியாபாரம் இழந்ததை நம் உறுப்பினர்கள் கண்ணால் கண்டார்கள். சுவரோடு சுவராக நிற்கும் நம் கடைகளில் ஒன்று சாய்ந்தால் பக்கத்துக் கடை தப்பாது. இதனால்தான் இதை ஒவ்வொரு கடைக்காரரின் சொந்தப் பாடாக விட்டுவிடாமல் சங்கம் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம்.

வரும் பொதுக்குழுவில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க இருக்கிறோம். தெருவுக்கு ஒரு பொறியாளர் வீதம் கூட்டாகப் பார்வையிடச் செய்து, அறிக்கையை உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் ஒரே நாளில் தருவது. பழுது என்ற அறிக்கையைக் காட்டிக் காலி செய்யச் சொல்வதற்கு முன், பலப்படுத்த முடியுமா என்பதை எழுத்தில் பதிலளிக்குமாறு உரிமையாளர்களைக் கேட்பது. வழக்கறிஞரைக் கொண்டு மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்குவது. இவற்றில் இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும் என்பது நமக்குத் தெரியும். உரிமையாளர்களாகவும் இருக்கும் நம் உறுப்பினர்களிடமிருந்தே வரலாம். அவர்கள் தவறாமல் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும். அதற்கு முன், எண்ணெய் டின்களைச் சற்று நகர்த்தி, அவற்றுக்குப் பின்னால் உள்ள தூணை அடியிலிருந்து உத்திரம் வரை ஒரு முறை பார்த்துவிட்டு வருமாறு இரு தரப்பாரையும் கேட்டுக்கொள்கிறோம்.